தெப்பக்குளத்து அகலும் ‘அடியேன்’ என்ற சொல்லும்

மாசித் தெப்பத்துக்குத் திருக்கோட்டியூர் சௌமியநாராயணப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் வெயில் தாழுமுன்பே ஊர் சேர்ந்துவிட வேண்டும். காரைக்குடிப் பக்கமிருந்து வந்தால் திருப்பத்தூரில் இறங்கி சிவகங்கை பஸ். பொழுது சாய்ந்தால் தொங்கக்கூட இடமிருக்காது. ஆட்டோக்காரர் சொல்வதுதான் கூலி.

போன மாசியில் வேண்டிக்கொண்டு இங்கிருந்து வீட்டுக்கு எடுத்துப்போன அகலோடு புதிதாக ஒன்றும் ஏற்றுவதுதானே நேர்த்தி. புது அகலை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்திக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் ஊற்றுகிற நெய்யை மண்ணே குடித்துவிடும். விளிம்புவரை ஊற்றினால் திரி மூழ்கி அணையும், முக்கால் போதும். கரையில் விற்கிற அகல் ஊறியிருக்காது, விலை மட்டும் ஊதியிருக்கும். முந்தானை பத்திரம். படியெல்லாம் விளக்கு, கால் வைக்க இடம் கிடையாது.

ஏற்றியதும் எழுந்து ஓடாமல் சுடரைக் கொஞ்சம் பார்க்கலாம். ஆன்மா இல்லை என்பதற்குப் பௌத்தர் காட்டும் உவமை இதுதான். இரவின் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றா என்று மிலிந்த மன்னனிடம் கேட்டார் பௌத்தத் துறவி நாகசேனர். அதுவே என்றும் சொல்ல முடியாது, வேறு என்றும் சொல்ல முடியாது. கணத்துக்குக் கணம் புது நெய் திரியேறி எரிகிறது. நிலைத்து நிற்பதாக உள்ளே எதுவுமில்லை. உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கூறுகளின், அதாவது ஐங்கந்தத்தின், ஓட்டத்துக்கு ‘நான்’ என்று பேர் வைத்திருக்கிறோம், அவ்வளவே.

உடையவர் என்கிற ராமானுஜரும் விளக்கைத்தான் காட்டுகிறார், வேறு கணக்கில். ஆன்மா சுடர், அறிவு அதிலிருந்து பரவும் ஒளி. வினையால் ஒளி சுருங்கும், முக்தியில் முழுக்க விரியும். ஆனால் சுடரில்லாமல் ஒளி மட்டும் தனியே நிற்காது. அத்வைதம் சொன்ன சங்கரர் வழியில் அறிகிறவன் என்ற பேதம் கழன்று அறிவு மாத்திரம் மிஞ்சும். ‘நான்’ அழிவதுதான் முக்தி என்றால் அதற்கு எவன் பாடுபடுவான் என்று மடக்குகிறார் உடையவர்.

மந்திர உபதேசம் கேட்டு உடையவர் வந்தபோது, அவருடைய குரு திருக்கோட்டியூர் நம்பி வீட்டு வாசலில் நடந்ததாகச் சொல்லும் கதையை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். “நான் ராமானுஜன்” என்றபோதெல்லாம் “நான் செத்த பின் வா” என்று திருப்பி அனுப்பினார் நம்பி. 18-ஆவது தடவைதான் உடையவர் வாயில் “அடியேன்” வந்தது. இதைக் கேட்டு, புத்தர் சொன்னதும் இதுதானே என்கிறவர்கள் உண்டு. அங்கேதான் வழுக்குகிறது. செத்தது அகங்காரம், ஆள் இல்லை. அடியேன் என்று சொல்லவும் ஓர் ஆள் வேண்டும், கேட்க ஓர் ஆண்டான் வேண்டும். பௌத்தத்தில் அந்த இருவருமே கிடையாது.

கருவறைக்கு மேலே எழும்பும் அஷ்டாங்க விமானத்தின் படி குறுகல். கூட்ட நாளில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் நடுவில் சிக்கி மூச்சு முட்டும். ஆனாலும் ஏறாமல் வராதீர்கள். மேலே சிலையாய் உடையவர் இன்னமும் நம்பி வீட்டைப் பார்த்தபடிதான் நிற்கிறார்.

கீழே சன்னிதியில் “நகருங்க, நகருங்க” என்று முதுகில் கை வைப்பார்கள். வரிசையில் மணிக்கணக்காக நின்றதற்கு அரை நிமிஷம். சௌமியநாராயணன் முகத்தில் ஆரத்தி பட்டதும் ஐங்கந்தமும் மறந்துபோகும், சுடரும் ஒளியும் மறந்துபோகும். போன வருஷம் என்ன கேட்டோம் என்பதுகூட நினைவுக்கு வராது. கேட்டதைக் கொடுத்தவன், கேட்கத் தெரியாததையும் கொடுத்தவன், கண்முன்னே கிடக்கிறான். பெருமாளே, பெருமாளே என்று வாய் அரற்றும். பின்னாலிருந்து இன்னொரு தள்ளு.