கழன்ற தோள் ஏறின பிறகு

தோள்மூட்டு கழன்று, வைத்தியசாலையில் ஏற்றி, கையைத் துணியில் தூக்கிக்கட்டி அனுப்பினதும் காரியம் முடிந்தது என்றுதான் எங்கள் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது உண்மைதான். உள்ளே கிழிந்தது கிழிந்தபடியே கிடக்கிறது.

பீரிசில் தோடம்பழத்தை வைத்தால் எப்படியோ, அப்படித்தான் தோளும்: புய எலும்பின் தலையான உருண்டை பெரிது, அது பொருந்துகிற தோள்பட்டை எலும்பின் தட்டு சின்னது, ஆழமுமில்லை. தட்டின் விளிம்பைச் சுற்றியுள்ள நார் வளையமும் மூட்டுறையும் தசைகளும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. பெரும்பாலும் தோள் முன்பக்கமாகத்தான் கழலும். அப்போது வளையத்தின் முன்பகுதி பிய்ந்துவிடும். 1923இல் இதை விவரித்த ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரால் பாங்கார்ட் காயம் என்பார்கள். உருண்டையின் பின்பக்கம் தட்டின் விளிம்பில் நசுங்கி விழும் பள்ளத்துக்குப் பெயர் ஹில்-சாக்ஸ். திரும்பத் திரும்பக் கழன்றால் பள்ளம் பெருக்கும், தட்டின் முன்விளிம்பும் தேயும். முதல் தடவை மோட்டார் சைக்கிளால் விழுந்து கழன்ற தோள், பிறகொரு நாள் நித்திரையில் கையைத் தலைக்கு மேலே போட்டதற்கே கழல்வது இதனால்தான்.

கழற்றிவிடும் நிலை ஒன்று உண்டு: கை பக்கவாட்டில் உயர்ந்து, உள்ளங்கை முன்னுக்குப் பார்க்க, முழங்கை பின்னுக்குப் போவது. பந்தைத் தூர எறிவது அந்த நிலை. ஓடும் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தபடி நிற்க, சாரதி பிரேக் அடிப்பதும் அதுவே. வாவியில் வீச்சுவலை எறிகிறவருக்கோ ஈரவலையின் பாரமும் சேர்ந்துகொள்ளும். இவர்களிடம் "கவனமா இருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. முதல் 6 கிழமைக்கு அந்த நிலையே கூடாது. வலையும் பந்தும் குறைந்தது 3 மாதம் கழித்து, அதுவும் இரண்டு கையின் பலமும் ஒத்துவந்த பிறகு.

வயதைப் பொறுத்துக் கணக்கு மாறும். 20 வயதுக்குள் கழன்ற பொடியன், அதிலும் விளையாடுகிறவன் என்றால், திரும்பக் கழல்வதற்கே வாய்ப்பு அதிகம். 40 தாண்டியவருக்கு அந்தப் பயம் குறைவு. ஆனால் தோளைச் சுற்றிய தசைநாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நாண், கிழிந்திருக்கலாம். 2, 3 கிழமை கழித்தும் கையைத் தானாகத் தூக்க முடியாவிட்டால் ஸ்கேன் கேளுங்கள். மாதக்கணக்கில் விட்டால் நாண் உள்ளே இழுபட்டு, தசை கொழுப்பாக மாறிவிடும். பிறகு தைத்தாலும் பிடிக்காது. இந்த வயதில் கையை நீண்ட நாள் கட்டியே வைத்தால் மூட்டு இறுகியும் போகும்.

புயத்தின் வெளிப்பக்கம் ஒரு கைப்பிடி அளவு தோல் விறைத்திருந்தால் நரம்பு இழுபட்டிருக்கிறது. அநேகமாகச் சில மாதங்களில் தேறிவிடும், என்றாலும் கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள்.

பயிற்சிக்குப் பெரிய செலவில்லை. வலி அடங்கினதும், குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமாக 10 தரம் ஆட்டுங்கள், நாளைக்கு 3 வேளை. பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டி மடித்து, புறங்கையால் சுவரை 5 விநாடி அழுத்தி விடுங்கள், 10 தரம். அதன்பின் பழைய சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டி யன்னல் கம்பியில் கட்டி, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுருட்டிய துவாயை வைத்து, மணிக்கட்டை வெளிப்பக்கம் இழுங்கள்: 10 முதல் 15 தரம், 3 சுற்று. துவாய் விழுந்தால் செய்கை பிழை. எப்போது எதைத் தொடங்குவதென்று பிசியோவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் போட்டு உருவுவதால் பிய்ந்த வளையம் ஒட்டாது; முதல் கிழமைகளில் இழுத்து உருவினால் இன்னும் கெடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கழன்றுகொண்டே இருந்தால் சத்திரசிகிச்சைதான். சின்னத் துவாரம் வழியாக வளையத்தைத் திரும்பப் பொருத்துவார்கள். தட்டின் எலும்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் அது தாங்காது. தோளின் முன்பக்க எலும்புத் துண்டொன்றை வெட்டி, தேய்ந்த இடத்தில் திருகாணியால் பூட்ட வேண்டிவரும். அதனால்தான் இரண்டாவது தடவை கழன்ற உடனேயே எலும்பு வைத்தியரிடம் போகச் சொல்கிறோம், ஐந்தாவது தடவைக்குப் பிறகல்ல. பல வருடம் கழித்து வரும் மூட்டுத் தேய்வு, சத்திரசிகிச்சை செய்தவருக்கும் வரலாம்.