கிரேடு 2, ஸ்டேஜ் 3பி: அப்பாவின் ரிப்போர்ட்டைப் படித்த நாட்கள்

அப்பாவின் பெருங்குடலுக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் எடுத்த சதைத் துணுக்கின் பயாப்சி ரிப்போர்ட் ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் கைக்கு வந்தது. 'அடினோகார்சினோமா (சுரப்பிச் செல்களில் தோன்றும் புற்று), கிரேடு 2' என்ற வரியைப் பார்த்த சித்தப்பா, "இரண்டாம் ஸ்டேஜ்தான், பயப்பட ஒன்றுமில்லை" என்று உறவினர்கள் எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டார். நானும் அதையே நம்பினேன். கிரேடும் ஸ்டேஜும் வெவ்வேறு என்பது திங்கட்கிழமை புற்றுநோய் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நுண்ணோக்கியில் தெரியும் புற்றுச் செல்கள் இயல்பான செல்களிலிருந்து எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்பதைச் சொல்வது கிரேடு. குடலின் உட்சுவரில் இருக்கும் சுரப்பிகளின் வடிவம் அப்பாவின் கட்டியில் ஓரளவு மிஞ்சியிருந்ததால் அது 2. அந்த வடிவமே பெரும்பாலும் குலைந்திருந்தால் 3 என்று எழுதியிருப்பார்கள். நோய் உடலில் எதுவரை பரவியிருக்கிறது என்பதைச் சொல்வதுதான் ஸ்டேஜ். அதைச் சிறு துணுக்கு ஒன்றை வைத்து முடிவு செய்ய இயலாது.

கட்டி 4.5 செ.மீ. என்று ஸ்கேனில் இருக்கிறதே, அது பெரியதா என்று அம்மா கேட்டார். மருத்துவர் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு கோடுகள் போட்டு, குடல் சுவரின் அடுக்குகள் என்று காட்டினார். மார்பகப் புற்றில் கட்டியின் அளவைக் கொண்டு, ஸ்டேஜில் கட்டியைக் குறிக்கும் 'டி' எண்ணை முடிவு செய்வார்கள் என்றும், பெருங்குடலில் அளவைவிட ஆழமே கணக்கு என்றும் சொல்லியபடி, மேலிருந்து மூன்றாவது கோடான தசை அடுக்கைத் தாண்டிப் பேனாவை இழுத்து, அங்கே 'டி 3' என்று எழுதினார். நிணநீர் முடிச்சுகளுக்கு 'என்', கல்லீரல், நுரையீரல் போன்ற தொலைவான உறுப்புகளுக்கு 'எம்'. சி.டி. ஸ்கேனில் முடிச்சுகள் எதுவும் வீங்கித் தெரியவில்லை. கல்லீரலும் நுரையீரலும் தெளிவாக இருந்தன. இருந்தாலும் இது ஸ்கேனை வைத்துச் சொல்லும் மதிப்பீடுதான், அறுவைக்குப் பின் வரும் நோயியல் ரிப்போர்ட்டே இறுதியானது என்று அவர் அன்றே எச்சரித்திருந்தார்.

பெருங்குடலின் வலப்பகுதியை அகற்றிய பத்தாம் நாள் அந்த ரிப்போர்ட் வந்தது. அதில் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த வரி, '18 முடிச்சுகளில் 2-இல் புற்று' என்பதுதான். ஸ்கேனில் தெரியாதது நுண்ணோக்கியில் தெரிந்துவிட்டது. டி 3, என் 1பி, எம் 0. ஆக மொத்தம் ஸ்டேஜ் 3பி. குறைந்தது 12 முடிச்சுகளையாவது தேடியெடுத்துப் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் 'முடிச்சில் புற்று இல்லை' என்ற சொல்லையே முழுமையாக நம்ப முடியாது என்று மருத்துவர் விளக்கியபோது, அந்த 18 என்ற எண்ணை நான் நன்றியுடன் பார்த்தேன். கொழுப்புத் திசுவுக்குள் ஒவ்வொன்றாகத் தடவித் தேடிய அந்த நோயியல் மருத்துவரை நாங்கள் சந்திக்கவே இல்லை. அவருடைய பொறுமைதான் அப்பாவின் சிகிச்சையை மாற்றியது.

முடிச்சில் புற்று இருந்ததால் கீமோ அவசியமாயிற்று. டி 4 ஆகவோ, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முடிச்சுகளில் புற்றாகவோ இருந்திருந்தால் பொதுவாக ஆறு மாதம் கொடுப்பார்களாம். அப்பாவின் நிலைக்கு ஆக்சாலிப்ளாட்டின் ஊசியும் கேப்சிடபின் மாத்திரையும் சேர்த்து மூன்று மாதம், அதாவது மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு சுற்று போதும் என்றார்கள். ஆக்சாலிப்ளாட்டின் நரம்புகளைப் பாதிக்கும். நாள் நீள நீளப் பாதிப்பும் கூடும். முதல் சுற்று முடிந்த மறுநாள் காலை, குளிர்ந்திருந்த எவர்சில்வர் டம்ளரைத் தொட்ட அப்பா, விரல் நுனியில் மின்சாரம் பாய்ந்ததுபோல் கையை இழுத்துக்கொண்டதைப் பார்த்த பிறகு, அந்த மூன்று மாதக் குறைப்பின் அருமை எனக்குப் புரிந்தது.

நான்காவது சுற்று முடிந்து, ஸ்கேனும் தெளிவாக வந்தபின், "இப்போது எனக்கு எத்தனையாவது ஸ்டேஜ்?" என்று அப்பா கேட்டார். நோயைக் கண்டறிந்தபோது குறித்த ஸ்டேஜ் மாறுவதில்லை, சிகிச்சைக்குப் பின் நோயின் சுவடே தெரியாவிட்டாலும் கோப்பில் 3பி என்றே இருக்கும் என்று மருத்துவர் பதில் சொன்னார். அப்பா அதைத் தம் மருந்துக் கோப்பின் அட்டையில் தாமே எழுதி, அதன் கீழே புற்று திரும்புகிறதா என்று கவனிக்க எடுக்கும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனையின் அடுத்த தேதியைக் குறித்து வைத்திருக்கிறார்.