எக்ஸ்ட்ரா ட்ரை என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள்

வெனிஸில் இறங்கிய முதல் நாளே ஏமாந்தேன். ஏமாற்றியது ஆளில்லை, பாட்டில் லேபிள். எனக்கு இனிப்பான வைன் ஆகாது, அதனால் கடையில் வரிசையாக நின்ற புரோசெக்கோக்களில் (இந்தப் பக்கத்துக் குமிழி வைன்) 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று போட்டிருந்ததைத் தேடி எடுத்தேன்; ட்ரை என்றாலே இனிப்பில்லாதது, அதிலும் எக்ஸ்ட்ரா என்றால் கேட்கவே வேண்டாம் என்று ஒரு கணக்கு. அறைக்கு வந்து, பொரித்த கணவாயை ஒரு கடி கடித்துவிட்டுக் குடித்தால் நாக்கில் இனிப்பு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பாதிப் பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

மறுநாள் ரயிலேறி கொனெல்யானோ, அங்கிருந்து வால்தோப்பியாதெனே. இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கும், புரோசெக்கோ திராட்சை விளையும் குன்றுகள்தான் 2019-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. சரிவு அவ்வளவு செங்குத்து. படிப்படியாக வெட்டிய வரப்புகளைக் கல் வைத்துக் கட்டாமல் புல்லை வளர்த்தே நிறுத்தியிருக்கிறார்கள், இயந்திரம் ஏறாத இடங்களில் திராட்சையைக் கையால்தான் பறிக்கிறார்கள்.

ஒரு சின்ன குடும்பப் பண்ணையில் ஊற்றிக்கொடுத்த அம்மாவிடம் என் சோகத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு விளக்கினார்: லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை இருந்தால் புரூட், 12 முதல் 17 வரை எக்ஸ்ட்ரா ட்ரை, 17 முதல் 32 வரை ட்ரை. அதாவது மூன்றில் அதிக இனிப்பு 'ட்ரை'தான்! இந்தப் பெயரை வைத்தவர் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன்.

திராட்சைக்குப் பெயர் கிளேரா. 2009 வரை அதற்கும் புரோசெக்கோ என்றே பெயர். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நட்டு அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்றுதான் திராட்சைக்குப் பெயரை மாற்றி, புரோசெக்கோ என்பதை இந்தப் பகுதியோடு கட்டிப்போட்டார்கள். குமிழி வருவதற்காக ஷாம்பெயினைப் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைப்பார்கள். இங்கே பெரும்பாலும் அது பெரிய எஃகுத் தொட்டியில் நடக்கிறது; அதனால்தான் விலையும் குறைவு, ஆப்பிள், பேரிக்காய் வாசனையும் அப்படியே நிற்கிறது. விதிவிலக்காக 'கோல் ஃபோந்தோ' என்று ஒன்று, பாட்டிலிலேயே நொதித்து அடியில் வண்டலோடு வருவது. அந்த அம்மா முதல் பாதியைத் தெளிவாக ஊற்றிவிட்டு, மீதியை லேசாகக் கலக்கி ஊற்றினார். கலங்கலாக, துளிகூட இனிப்பில்லாமல், மெல்லிய புளிப்பும் ஈஸ்ட் வாசனையுமாக... கள் குடித்தவர்களுக்குப் புரியும்.

அப்புறம் தட்டு வந்தது. சோப்ரெசா என்கிற பன்றித் தொத்திறைச்சி, கொழுப்பு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிகிற அளவுக்குக் கனமாக நறுக்கியது, பக்கத்தில் கசாத்தெல்லா என்கிற குழைவான சீஸ், ரொட்டி. இதற்கு அவர் ஊற்றியது எக்ஸ்ட்ரா ட்ரை! அந்த உப்புக்கும் கொழுப்புக்கும் அந்த இனிப்பு சரியாகப் பொருந்தியது. பொரித்த மீனுக்கு நீங்கள் புரூட் எடுத்திருக்க வேண்டும் என்றார்.

வெனிஸ் திரும்பியதும் 'சார்தே இன் சாவோர்' ஒரு டப்பா வாங்கினேன். பொரித்த மத்தி மீனை வதக்கிய வெங்காயம், வினிகர், உலர்திராட்சை, பைன் பருப்போடு ஊறவைப்பது. ஓரிரு நாள் ஊறினால்தான் ருசி என்கிறார்கள், நம் நேற்று வைத்த மீன்குழம்பு மாதிரி. ஃபிரிட்ஜில் கிடந்த பாதிப் பாட்டில் நினைவுக்கு வந்தது. குமிழி கொஞ்சம் அடங்கியிருந்தது, ஆனால் அந்த இனிப்புப் புளிப்பு மீனோடு அவ்வளவு நன்றாகப் போனது. பத்து நிமிடத்தில் பாட்டில் காலி.