காண்பன, அறிவன

எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை மலருக்குப் பள்ளி நினைவுகளை எழுதித் தரும்படி கேட்டபோது, ஆண்டு விழாவோ விளையாட்டுத் திடலோ மனத்தில் எழவில்லை. கிருஷ்ணகிரியின் சையத் பாஷா மலை சன்னலில் தெரியும் வேதியியல் ஆய்வகமும், செய்முறைப் பதிவேட்டில் அடிக்கோல் வைத்து நாங்கள் வரைந்த மூன்று கட்டங்களுமே நினைவுக்கு வந்தன: சோதனை, காண்பன, அறிவன. ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் வாடிக்கையாளர்களுக்கான உதவிப் பொறியாளராக நான் பார்த்துவரும் வேலை, உள்ளபடி சொன்னால், அந்தக் கட்டங்களை நிரப்பும் வேலைதான்.

பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் எங்களுக்கெல்லாம் ஒரு கள்ளத்தனம் உண்டு. நிறத்தையும் மணத்தையும் வைத்தே உப்பு இன்னதென்று ஊகித்துக்கொண்டு, விடையிலிருந்து பின்னோக்கிச் சோதனைகளை எழுதிவிடுவோம். ஒருநாள் பழுப்பு வளையச் சோதனைக்கு 'காண்பன' கட்டத்தில் 'நைட்ரேட் உள்ளது' என்று எழுதிக் காட்டினேன். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "நைட்ரேட்டைக் கண்ணால் பார்த்தாயாப்பா? வளையத்தைத்தானே பார்த்தாய்? பார்த்ததை இங்கே எழுது, நினைத்ததை அந்தப் பக்கம் எழுது" என்றார். அந்த வளையத்தைக்கூட நான் பார்த்திருக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; குழாயைக் கழுவி, புதிதாகக் கரைத்த பெர்ரஸ் சல்பேட்டைச் சேர்த்து, அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் உட்சுவர் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வைத்தார். இரண்டு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வளையம் ஒன்று கட்டியது. கை சற்றே நடுங்கினாலும் கலைந்துவிடும் வளையம் அது.

எங்கள் வேலையில் டிக்கெட் என்பது வாடிக்கையாளரின் முறையீடு. "உங்கள் சர்வர் படுத்துவிட்டது" என்றுதான் அது பெரும்பாலும் தொடங்கும். அது அறிவன, பல நாள்களில் உண்மையாகவும் இருக்கும். எனினும் எந்த நேரம் முதல், எத்தனை பேருக்கு, திரையில் என்ன எழுத்து வந்தது, அதற்கு முன் எதை மாற்றினீர்கள் என்று கேட்டு வாங்குவதே எங்கள் பொறுப்பு. ஜப்பானியரின் ஆங்கிலமும் ஆஸ்திரேலியரின் ஆங்கிலமும் தொடக்கத்தில் தமிழ்வழியில் படித்த என்னைத் திணறடித்தன. ஆனால் வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசுவோர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த வகுப்பிலிருந்து போனவனுக்கு, புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்பதில் கூச்சம் இருக்கவில்லை.

2022இல் ஒரு காலைப்பொழுது. சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் பதிவுச் சேவைக்குள் சிலரால் நுழைய முடிந்தது, சிலரால் முடியவில்லை. அவர்களுடைய மேலாளர், இரவோடு இரவாக எங்கள் நெட்வொர்க்கில் எதையோ மாற்றிவிட்டோம் என்று அழுத்திச் சொன்னார். விட்டுவிட்டு வேலை செய்வது நெட்வொர்க் கோளாறின் சாயல்தானே என்று நானும் நம்பி, 'காண்பன' இடத்தில் அதையே எழுதி நெட்வொர்க் குழுவுக்குத் தள்ளிவிட்டேன். அவர்கள் இல்லாத கோளாறை 40 நிமிடம் தேடினார்கள். மாதத்துக்கு 99.9 விழுக்காடு இயங்கும் என்று உறுதியளித்த சேவைக்கு, 30 நாள் மாதம் ஒன்றில் நின்றுபோகக் கிடைக்கும் மொத்தச் சலுகையே 43 நிமிடம்தான்.

பிறகுதான் லாக்கைத் திறந்தேன்; கணினி தானே நேரத்தோடு எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பு அது. முதல் பிழை சரியாக 00:00 மணிக்குப் பதிவாகியிருந்தது. லாக் எழுதப்படுவது உலகப் பொதுநேரத்தில். அந்த நள்ளிரவு சிங்கப்பூரில் காலை 8 மணி. நள்ளிரவில் நொடி பிசகாமல் தொடங்கும் கோளாறைக் கண்டால் தேதியைச் சந்தேகிக்க வேண்டும். அவர்களுடைய பாதுகாப்புச் சான்றிதழ், அதாவது இணைவது உண்மையான தளத்தோடுதான் என்று கணினிக்கு உறுதிசொல்லும் மின்சான்று, காலாவதியாகியிருந்தது. புதிதாக இணைப்புக் கோரும்போதே சான்றிதழ் சரிபார்க்கப்படும் என்பதால், 8 மணிக்கு முன்பே உள்ளே இருந்தவர்களின் இணைப்புகள் அறுபடவில்லை. விட்டுவிட்டு வேலை செய்ததன் காரணம் அதுவே. 2020 செப்டம்பரில் வந்த விதிப்படி, அப்போது இத்தகைய சான்றிதழ்களை 398 நாள்களுக்கு மேல் வழங்கவில்லை. முந்தைய ஆண்டு அதை நிறுவியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். நினைவூட்டல் கடிதங்கள் அவருடைய பெட்டிக்கே போய்க்கொண்டிருந்தன. 2029 மார்ச்சில் இந்தக் காலம் 47 நாளாகக் குறையப்போகிறது. அதன் பின் இதைக் கையால் செய்துகொண்டிருக்க முடியாது.

தவறு அவர்களுடையது என்பதால் ஒப்பந்தப்படி அந்த நிமிடங்கள் எங்கள் கணக்கில் சேரவில்லை. இரண்டு பெரிய தேசிய நெடுஞ்சாலைகள் கூடும் ஊரில் வளர்ந்த எனக்கு, கிடங்கு வாசலில் சீட்டுக்காகக் காத்து நின்ற ஓட்டுநரிடம் போய் அந்தக் கணக்கைச் சொல்லும் துணிவு இல்லை.

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது ஆசிரியரைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். என்ன வேலை என்று கேட்டார். இந்தக் கதையைச் சொன்னேன். சான்றிதழ் விவரங்களைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், "8 மணி என்பதை முதலில் கவனித்தது யார்?" என்றார். அவர்கள் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், தொலைபேசிக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொன்னான் சார், மேலாளர் பேச்சில் அது அமுங்கிப் போயிற்று என்றேன்.

"அவன் சொன்னதை எழுதிக்கொண்டாயா?"

"இல்லை, சார்."

தலையை ஆட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினார்.