நாய்ச் செலவு

கரும்புத் தோட்டத்துக் கணக்கில் உரம் இருக்கும், டீசல் இருக்கும், கூலி, லாரி வாடகை எல்லாம் இருக்கும். நான் மொரீஷியசில் வேலைக்குச் சேர்ந்தபோது என் கைக்கு வந்த பேரேட்டில் இவற்றுக்கு நடுவே இன்னொரு தலைப்பும் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் பிரெஞ்சில் எழுதி வைத்திருந்தார். விசாரித்தால் நாய்ச் செலவாம். பதினாலு நாய்களுக்கு அரிசி, எலும்பு, காயத்துக்கு மருந்து, தையல் நூல், மாட்டு வைத்தியர் வந்து போன செலவு. காவலுக்கு இரண்டு நாய் போதாதா என்று கேட்டேன். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவை காவல் நாய்கள் இல்லையாம். 'லசாஸ்' நாய்களாம். லசாஸ் என்றால் அந்தத் தீவில் பேசும் கிரெயோல் மொழியில் வேட்டை.

நான் சேர்ந்தது ஒரு ஜூன் மாதம். நெல்லைக்காரனுக்கு ஜூன் என்றால் குற்றாலச் சாரல்தான் நினைவுக்கு வரும். அங்கே அது குளிர்காலத் தொடக்கம். தீவின் தென்மேற்கில் சமரேல் பக்கத்து மலைகளில் காலையில் விழும் தூறலும் கிட்டத்தட்ட நம் சாரல் போலத்தான் இருக்கும், குளிர் மட்டும் கூட. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மான் வேட்டைப் பருவம். அதே ஜூனில் கரும்பு வெட்டும் தொடங்கிவிடும். ஆகக் கணக்கு எழுதுகிறவனுக்கு இரண்டு பக்கமும் இடி.

அங்கே ஓடும் மான் அந்த ஊர் மான் இல்லை. 1639-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டது. அந்தத் தீவுக்கென்று சொந்தமான பாலூட்டி வௌவால் ஒன்றுதான். மான், பன்றி, குரங்கு, நாய், எல்லாமே கப்பலில் வந்தவை. கரும்பு வெட்ட வந்த நம் ஆட்களும் கப்பலில் வந்தவர்கள்தான். புலி, சிறுத்தை எதுவும் இல்லாததால் மான் தன் பாட்டுக்குப் பெருகும். பெருகினால் இளம் மரக்கன்றுகளை முளையிலேயே மேய்ந்துவிடும், கரும்பிலும் இறங்கும். இதைத்தான் வேட்டைக்குக் காரணமாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. துப்பாக்கியோடு வருகிற விருந்தினர்கள் கொடுக்கிற பணமும் என் பேரேட்டில்தானே வரவாகிறது!

முதல் தடவை ஒரு கலைமானைப் பார்த்தபோது என் வாயில் தானாக வந்த சொல் 'மிளா'. எங்கள் ஊர் மலையில் மிளா என்றும் மற்ற இடங்களில் கடமான் என்றும் சொல்கிறோமே, அதன் நெருங்கிய உறவுதான் இந்த ஜாவா மான். கொஞ்சம் சிறியது. குளிர்காலத்தில் இணை தேடும் ஆண்கள் கொம்பில் புல்லையும் கொடியையும் சுற்றிக்கொண்டு திரியும். கல்யாண மாப்பிள்ளை தலைப்பாகை மாதிரி.

சேர்ந்த இரண்டாம் மாதம் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். நாய்ச் செலவைக் கூட்டிப் பார்த்து, பதினாலை எட்டாகக் குறைத்தால் இவ்வளவு மிச்சம் என்று ஒரு தாள் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். அவருக்கு அது பிடித்துப்போனது. பிடிக்காமல் எங்கே போகும்?

மறுநாள் அலுவலக வாசலில் ஒரு பெரியவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாய்களுக்குப் பொறுப்பானவர். எல்லோரும் அவரைத் 'தொன்தோன்' என்றார்கள், மாமா என்று அர்த்தம். நான் ஐயா என்றேன். நான்காம் தலைமுறைத் தமிழர். வீட்டில் கிரெயோல்தான் பேச்சு. சின்ன வயதில் கோயில் மாலைப் பள்ளியில் தமிழ் படித்திருக்கிறார், அதனால் அவர் தமிழ் அச்சடித்த மாதிரி இருக்கும். "தம்பி, நீங்கள் நாய்களைப் பார்த்தது உண்டா?" என்றார். இல்லை என்றேன். "சனிக்கிழமை காலை நான்கு மணிக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு எதுவும் பேசவில்லை.

போனேன். இருட்டு, தூறல், நாய் நாற்றம். துப்பாக்கிக்காரர்களை ஏற்கெனவே மிராதோர்களில் ஏற்றிவிட்டிருந்தார்கள். மிராதோர் என்றால் நம் ஊர்ப் பரண். வேலை முடிந்த சமிக்ஞை வரும்வரை அதைவிட்டு யாரும் இறங்கக் கூடாது. நாங்கள் எதிர்ப்பக்கம். நாயோடு காட்டுக்குள் இறங்குகிறவர்களை அங்கே 'பிக்கேர்' என்பார்கள். பெரியவர் ஒரு பிடி புல்லைக் கிள்ளி மேலே விட்டுப் பார்த்தார். குளிர்காலத்தில் அங்கே தென்கிழக்குக் காற்று விடாமல் வீசும். காற்று நம் முதுகில் இருக்க வேண்டும். நம் வாசனையும் நாயின் வாசனையும் முன்னால் போய் மானைக் கிளப்பும், பரணில் இருப்பவன் வாசனை மானுக்கு எட்டாது. காற்று திரும்பினால் அன்றைக்கு லசாஸ் இல்லை, வீட்டுக்குப் போகலாம். இதை அவர் எனக்கு விளக்கியதில்லை. மூன்றாம் வாரம் காற்று திரும்பி எல்லோரும் சும்மா திரும்பி வந்தபோதுதான் எனக்கே புரிந்தது.

அப்புறம் அவர் நாய்களை அவிழ்த்துவிட்டு வாயைக் குவித்து ஒரு சத்தம் கொடுத்தார். "சூ...!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தெருவில் பையன்கள் நாயை ஏவிவிடுகிற அதே சூ. மனிதர்களிடம் கிரெயோல், என்னிடம் பாடப்புத்தகத் தமிழ், நாயிடம் மட்டும் சுத்தமான தெருத் தமிழ். திருப்பிக் கூப்பிடும்போது "தோ தோ தோ". அது தமிழ் என்றே அவருக்குத் தெரியாது. "நாய்க்குச் சொல்வது இப்படித்தான், என் தாத்தா சொன்னார்" என்றார். மாலைப் பள்ளியில் இதைச் சொல்லித் தந்திருக்கவும் மாட்டார்கள்.

எங்கள் தாத்தா காலத்தில் வீட்டில் ஒரு சிப்பிப்பாறை இருந்ததாகச் சொல்வார்கள், முயலுக்கு. அது கண்ணால் பார்த்து ஓடும் நாய், வாய் திறக்காது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் கதையெல்லாம் திண்ணைப் பேச்சோடு சரி, நான் வேட்டையைக் கண்டதே இல்லை. இங்கே இருந்தவை எந்த ஜாதியிலும் சேராத கலப்பு நாய்கள். புதருக்குள் கண்ணுக்கு என்ன வேலை? எல்லாம் மூக்கும் குரலும்தான். சீனக் கொய்யா மரங்கள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக நிற்கும், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பெரியவர் நின்ற இடத்திலேயே நிற்பார், காதை மட்டும் திருப்புவார். இது பழைய தடம். இது பன்றி, அதனால்தான் குரல் ஒரே இடத்தில் நிற்கிறது. இது மான், குரல் நகர்கிறது பாருங்கள். இது அந்தப் பிமாங், குரங்கைப் பார்த்துக் குரைக்கிறது, விடுங்கள். பிமாங் என்றால் மிளகாய். செம்பட்டை நிறத்தில் ஒரு வயதுக் குட்டி, பெயருக்குத் தக்க குணம். காடு முழுக்கக் குரங்கு வேறு. அந்த நாய் உருப்படாது என்றே நான் கணக்குப் போட்டிருந்தேன். என் எட்டில் அது கிடையாது.

பதினாலு எதற்கு என்பது எனக்கு விளங்கியது வேறொரு நாள். விருந்தினர் ஒருவர் சுட்டதில் மான் விழவில்லை, அடிபட்டு ஓடிவிட்டது. அவர் பரணிலிருந்து இறங்கித் தவறிவிட்டது என்று சொல்லிக் காப்பி குடிக்கப் போனார். பெரியவர் அந்த இடத்தில் குனிந்து ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். இலையில் ஒரு சொட்டு. அன்று முழுக்க லாரியிலேயே கட்டிப்போட்டிருந்த நுவார் என்ற கிழட்டுப் பெண் நாயை இறக்கி நீளக் கயிற்றில் கட்டினார். அதற்கு ஓட்டமே கிடையாது. ஆடி அசைந்து, மூக்கைத் தரையில் வைத்து, இரண்டு ஓடை தாண்டி, ஒன்றே முக்கால் மணி நேரம் எங்களை இழுத்துக்கொண்டு போனது. மான் ஒரு பாறைக்குப் பின்னால் படுத்திருந்தது, உயிர் இருந்தது. பெரியவர் வேலையை முடித்துவிட்டு அதன் கண்ணை மூடினார். திரும்பி வரும் வழியில் ஒன்று சொன்னார். "இதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் நாம் வேலை செய்யவில்லை, தம்பி." ஓடுகிற நாய் வேறு, தேடுகிற நாய் வேறு, காயம்பட்ட நாய் ஆற ஒரு மாதம், குட்டி பழக இரண்டு பருவம். நான் நாய்களை மூட்டை மாதிரி எண்ணியிருக்கிறேன்.

இறைச்சிக் கணக்கையும் சொல்ல வேண்டும், அது என் வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. பெரிய கலைமான் நூறு கிலோவைத் தொடும். காட்டுக்குள் இறங்கியவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு, கூலி தனி. கூலி கொடுக்கும் நோட்டில் தமிழிலும் தொகை எழுதியிருக்கும், முதல் சம்பளத்தன்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செப்டம்பர் பாதியில் புரட்டாசி பிறந்துவிடும். அதுவரை பங்குக்கு முண்டியடித்த நம் ஆட்கள் பாதிப்பேர் 'வேண்டாம்' பட்டியலுக்கு வந்துவிடுவார்கள், பருவத்தின் கடைசி இரண்டு வாரம் இறைச்சி மிஞ்சும். பெரியவரும் அந்த மாதம் தொட மாட்டார். காவடி எடுக்கிறவர் வேட்டைக்குப் போகலாமா என்று யாரோ அவரைக் கேட்டதற்கு, வள்ளி யார் வீட்டுப் பெண் என்று திருப்பிக் கேட்டாராம். மான் கறி என் சமையலறைக்கும் வந்தது. மொரீஷியஸ்காரர்கள் செய்கிற மசாலாவில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாறைக்குப் பின்னால் பார்த்ததற்குப் பிறகு ஒரு மாதம் நான் வாங்கவில்லை.

இப்போது என் தவறு. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, பெரியவருக்கு முட்டி வலி. நாய்களை லாரியில் ஏற்றும்போது பட்டியலை என் கையில் கொடுத்தார். பெயர் பெயராகக் குறி போட வேண்டும், அவ்வளவுதான். இருட்டிக்கொண்டு வந்தது, அங்கே அந்த மாதத்தில் மாலை ஆறுக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். கூண்டின் மூலையில் செம்பட்டை வால் ஒன்று தெரிந்தது, பிமாங் என்று குறி போட்டேன். அது ஏற்கெனவே நான் குறி போட்டுவிட்ட இன்னொரு செம்பட்டை நாய். கணக்கனுக்கு இதைவிடக் கேவலமான பிழை கிடையாது, ஒரே சீட்டை இரண்டு தடவை பதிந்த மாதிரி. பட்டியின் முன்னால் பதினாலு தட்டு வைத்தபோதுதான் கணக்கு உதைத்தது. ஒரு தட்டு அப்படியே இருந்தது.

பெரியவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பவும் மலை ஏறினோம். நாய் தொலைந்தால் தேடி அலையக் கூடாதாம். அது விட்ட இடத்துக்குத்தான் திரும்பி வரும், அது வருகிற நேரத்தில் நாம் வேறு எங்கோ அலைந்துகொண்டிருப்போம். காலையில் நாய்களை அவிழ்த்த இடத்துக்கே போய் நின்று கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். இருட்டில், தூறலில், இந்துமாக்கடல் நடுவே ஒரு மலையில் இரண்டு பேர் "தோ தோ தோ" என்று கத்திக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. பிறகு அவர் தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, காற்று படாத ஒரு பாறை இடுக்கில் விரித்து வைத்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். "வேண்டாம், உங்களுக்குக் குளிரும்" என்றார். முட்டி வலியோடு வெறும் சட்டையில் லாரி ஓட்டிக்கொண்டு வந்தார்.

இரவு எனக்குத் தூக்கம் இல்லை. காட்டில் திருட்டு வேட்டைக்காரர்கள் வைக்கிற சுருக்குக் கம்பி, பன்றியின் கோரைப்பல், என்னென்னவோ நினைப்பு. காலை ஐந்துக்கு அவர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் ஏற்கெனவே லாரியில் உட்கார்ந்திருந்தார்.

பிமாங் சட்டைமேல் சுருண்டு கிடந்தது. காது கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. நான் முன்னால் போனேன், எழுந்திருக்கவில்லை, என்னைப் பார்த்து உறுமியது. சட்டையைக் காவல் காக்கிறதாம். பெரியவர் பின்னால் வந்து ஒரே ஒரு "தோ" சொன்னதும் வால் ஆடத் தொடங்கியது. தூக்கினால் கீழே சட்டையில் ஒரு பக்கம் முழுக்கக் காணோம். முந்தைய நாள் சாப்பிடாமல் மிச்சம் வைத்திருந்த தால்பூரியைப் பையிலேயே விட்டுவிட்டாராம், நாய் பையோடு சேர்த்துக் கடித்துத் தின்றிருக்கிறது. பெரியவர் அந்த ஓட்டைக்குள் கையை விட்டு விரலை ஆட்டிக் காட்டினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் எழுதிக் கொடுத்த அந்தத் தாளைப் பற்றி மேலாளர் அதற்குப் பிறகு கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. மாதக் கடைசியில் நாய்ச் செலவு எழுதினேன். அரிசி, எலும்பு, காதுத் தையல், மருந்து. கடைசியில் குளிர்ச்சட்டை, ஒன்று.

மேலாளர் விரலை அந்த வரியில் வைத்து நிமிர்ந்தார். நாய் சட்டை போடுமா என்றார். நடந்ததைச் சொன்னேன், என் இரட்டைக் குறியையும் சேர்த்து. முழுவதும் கேட்டுக்கொண்டார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர் நிறுத்தினார்.

"பழைய சட்டைதானே? தேய்மானம் கழித்தீர்களா?"

கழிக்கவில்லை என்றேன்.