சோளகத்துச் சூடை

யாழ்ப்பாணத்துக்கு மீன் சாப்பிடப் போகிறவர்கள் எந்தக் கடை நல்லது என்றுதான் கேட்கிறார்கள், எந்த மாதம் போகலாம் என்று யாரும் கேட்பதில்லை. நான் போனது ஆடியில், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று உச்சத்தில் நின்ற நேரம். பண்ணைப் பாலத்தில் காற்று ஆளையே தள்ளுகிறது, குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகிற படகு ஏறி விழுந்து போகிறது. அதே நாளில் பருத்தித்துறைக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து மணற்காடு, அம்பன், நாகர்கோவில் தாண்டி வடமராட்சி கிழக்குக்கு இறங்கினால் கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது.

காரணம் லேசானது. சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது, இந்தக் கரை கிழக்கைப் பார்த்திருக்கிறது. தரையைத் தாண்டி வருகிற காற்று இங்கே அலையைக் கரைக்கு விடாது. அதனால்தான் கடலில் வளைத்துப் போட்டுக் கரையிலிருந்து இழுக்கிற கரைவலைக்கு இது காலம். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களும் தங்கள் கரை கொந்தளிக்கிற இந்த மாதங்களில் முல்லைத்தீவு, திருகோணமலை என்று கிழக்குக் கரைக்கு வந்து வாடி, அதாவது தற்காலிகக் குடில், போடுவது பழைய வழக்கம்.

தாளையடிப் பக்கம் ஒரு வலை ஏறுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கயிற்றை உழவு இயந்திரம்தான் இழுத்தது, கடைசிப் பாகத்துக்கு மட்டும் ஆட்கள் தண்ணீருக்குள் இறங்கினார்கள். மீன் சேர்கிற வலையின் மடி கரைக்கு வந்ததும் உள்ளே முழுக்கச் சூடை, ஒரு சாண் கூட வராத வெள்ளி மீன், இடையிடையே நெத்தலியும் சின்னப் பாரையும். அள்ளுகிறவர்களின் முழங்கை வரைக்கும் செதில் ஒட்டியிருந்தது. ஓரமாக நின்ற வயதான ஐயா ஒருவர் ஒரு மீனை எடுத்து நகத்தாலேயே வயிற்றைக் கீறிக் காட்டினார், குடலுக்குள் சேறு மாதிரி ஏதோ. அது சேறு இல்லை, கடல் நீரில் மிதக்கிற நுண்ணுயிர்கள், சூடை வாயைத் திறந்து வடிகட்டித் தின்பது அதைத்தான். அந்த இரை எங்கே திரள்கிறதோ அங்கே சூடையும் திரளும், பின்னாலேயே பாரையும் அறக்குளாவும் வரும்.

மாரியில், வாடை என்கிற வடகிழக்குக் காற்று அடிக்கிற காலத்தில், மீன் எங்கே போகிறது என்று அவரிடம் கேட்டேன்.

"மீன் எங்கயும் ஓடிப்போகேல்லை தம்பி. வாடைக்குள்ள நாங்கள் வலை வைக்க ஏலாது. வைக்காத வலையில மீன் எப்பிடிப் படும்?"

அன்று முழுக்க எனக்கு இந்தக் கேள்விதான். ஐப்பசி மழையோடு கடலும் மாறுகிறது என்பது உண்மை. வங்காள விரிகுடாவின் வடக்கே பெரிய ஆறுகள் கொட்டுகிற நீர் கலந்து உப்புக் குறைந்த ஓட்டம் இந்தியக் கரையோரமாகத் தெற்கே இறங்கி இலங்கையின் கிழக்குக் கரை வரைக்கும் வருகிறது, அதோடு இரையும் மீன் கூட்டமும் இடம் மாறத்தான் செய்யும். ஆனால் இந்த மாதம் மீன் இல்லை என்று சந்தையை மட்டும் பார்த்துச் சொல்கிறவர்கள், அந்த மாதம் எத்தனை வலை கடலில் இறங்கியது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பிடிபட்ட கணக்கை வைத்து மீனின் பருவத்தை எழுதினால் அதில் மீனவனின் பருவமும் கலந்துதான் இருக்கும்.

வடக்குக் கரையில் காற்றோடு சம்பந்தமில்லாத ஒரு பருவமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, அந்த நாட்களில் பாக்கு நீரிணையில் இழுவைப் படகுகள் வராததால் இங்குள்ள சிறு மீனவர்கள் வலை அறுபடும் என்ற பயமில்லாமல் போய் வருகிறார்கள். இலங்கை 2017இல் கடலடியை வாரி இழுக்கிற அடிமடி இழுவைத் தொழிலைச் சட்டத்தாலேயே தடை செய்துவிட்டது. அந்த 61 நாளின் நிம்மதி வருடம் முழுக்கக் கிடைக்க வேண்டியது, கிடைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, சூடை எண்ணெய் மீன், வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும், வாங்கினால் மதியத்துக்குள் சமைத்துவிடுங்கள். ஏலம் கூறி விற்றது போக மிஞ்சியதை உப்புப் போட்டு வாடி ஓரத்தில் காயவிட்டிருந்தார்கள், மாரியில் சந்தைக்கு வருகிற சூடைக் கருவாட்டில் இப்படிக் காய்ந்ததும் இருக்கும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைப் பட்டம் பார்க்க வருகிறவர்கள் அப்படியே கரைவலையும் பார்க்கலாம் என்று இந்தப் பக்கம் வர வேண்டாம், வாடைக்காற்றில் கடல் கரையில் அறைந்துகொண்டிருக்கும். வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் வாருங்கள், விடிய முதலே பருத்தித்துறையிலிருந்து கிளம்பிவிடுங்கள்.