பத்து நிமிட நடையில் இருபத்து மூன்று ஆண்டுகள்

வாஷிங்டனில் எனக்குக் கிடைத்தது இரண்டே நாள். முதல் நாள் காலையிலேயே தேசியக் கலைக்கூடத்துக்குப் போய்விட்டேன். அமெரிக்காவின் இரண்டாம் அதிபர் ஜான் ஆடம்ஸின் படம் அங்கே இருக்கிறது. தீட்டியவர் கில்பர்ட் ஸ்டூவர்ட். ஒரு டாலர் நோட்டில் இருக்கும் ஜார்ஜ் வாஷிங்டன் முகம் இவருடைய ஓவியத்திலிருந்து எடுத்ததுதான். 1800 வாக்கில் ஆடம்ஸ் அவர் முன்னால் போய் உட்கார்ந்தார். படம் முடிந்து கைக்கு வந்தது 1815இல்! இழுத்தடிப்பதில் ஸ்டூவர்ட் பேர்போனவர். இருண்ட நிறக் கோட்டு, கழுத்தில் வெள்ளைத் துணி, சதைப்பிடிப்பான முகம். நல்ல படம்தான், ஆனாலும் ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிட்டேன். நான் தேடி வந்த ஆடம்ஸ் வேறொருவர்.

வெளியே வந்து ஏழாம் தெருவில் வடக்கே நடந்தோம், நானும் அக்காவும். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பெரிய தூண்களோடு பழைய காப்புரிமை அலுவலகக் கட்டடம் வந்துவிட்டது. உள்நாட்டுப் போரின்போது இங்கே காயம்பட்ட வீரர்களைக் கிடத்தியிருந்தார்கள். 1865இல் லிங்கனின் பதவியேற்பு விருந்து நடந்ததும் இங்கேதான். இப்போது ஸ்மித்சோனியனின் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம். டிக்கெட் கிடையாது.

நான் தேடி வந்த படம், ஸ்டூவர்ட்டே தீட்டிய முதிய ஆடம்ஸ், இரண்டரை அடி உயரம்தான் இருக்கும். சிவப்பு மெத்தை தைத்த சோபாவில் ஒரு கிழவர். தலையில் பஞ்சுபோல நாலு வெள்ளை முடி. பொக்கை வாய் உள்ளே ஒடுங்கியிருக்கிறது. இமையோரம் சிவந்து, கண்ணில் ஈரம் தேங்கி நிற்கிறது.

“அழுகிறாரா, இல்லை வயதானதால் வரும் நீரா?” என்று அக்கா கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெகுநேரம் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1823இல் ஆடம்ஸுக்கு 88 நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி அபிகெயில் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா அதிக நாள் இருக்க மாட்டார் என்ற கவலையில் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ்தான் ஸ்டூவர்ட்டைத் தேடிப் பிடித்தார். ஸ்டூவர்ட்டும் அப்போது இளைஞர் அல்ல. 67 வயது, கை நடுக்கம். அந்த நடுங்கும் கையோடு அவர் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்து, சட்டென்று திரைச்சீலையில் வைத்துவிடுவார் என்று அவரைப் பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அன்று நேரில் பார்த்துத் தீட்டிய படம் பாஸ்டனில் இருக்கிறது. நான் பார்த்தது அதை வைத்து ஸ்டூவர்ட் மறுபடி தீட்டியது. 1826ஆம் ஆண்டுப் படம்.

கிட்டே போய்ப் பார்த்தேன். கன்னத்தில் இளஞ்சிவப்பு ஒரு திட்டு, பக்கத்திலேயே சாம்பல் நிறம் ஒரு திட்டு; இரண்டையும் குழைத்து வழவழப்பாக்கவில்லை. ஓரடி பின்னால் வந்தால் அந்தத் திட்டுகளெல்லாம் சேர்ந்து மெல்லிய, தொட்டால் கன்றிப்போகும் முதிய தோலாகிவிடுகின்றன. அதிபராக இருந்தவருக்கு ஒரு பத்து வயதைக் குறைத்துக் காட்டுவது எந்த ஓவியருக்கும் எளிது. ஸ்டூவர்ட் ஒரு சுருக்கத்தைக்கூட மறைக்கவில்லை. முதுமை உள்ளிருந்து எப்படி இருக்கும் என்று தெரிந்த கைதான் இதைத் தீட்டியிருக்க முடியும் என்று நினைக்கிறேன். உடல் முழுக்கத் தளர்ந்திருக்கிறது. பார்வை மட்டும் இன்னும் யாரோடோ வாதாடத் தயாராக இருக்கிறது.

அந்த 1826இலேயே, ஜூலை 4ஆம் தேதி, நாட்டின் சுதந்திரப் பிரகடனத்துக்கு 50 ஆண்டு நிறைந்த அன்று, ஆடம்ஸ் இறந்துபோனார். அவருக்குப் பின் அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் இறந்ததும் அதே நாளில்தான்.

மறுநாள் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அக்காவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு முதல் படத்திடம் மறுபடி போனேன். முந்தைய நாள் ஐந்து நிமிடத்தில் விட்டு வந்த அந்த முகத்தில், கிழவரின் கண்களைத் தேடினேன். இருந்தன. ஈரம்தான் இன்னும் வரவில்லை.